சோப்பு நீல ஜெர்சி

நாரைகள் அணியின் புதிய ஜெர்சிகள் வெளியான அன்று காலை, அந்த வீட்டில் மூன்று பேருக்குச் சாப்பாடு தொண்டையில் இறங்கவில்லை. ஆளுக்கொரு காரணம்.

சின்னவனுக்குக் கோபம். விளையாட்டு வானொலியில் மதிய நேரத்தில் நேயர்களோடு போனில் பேசும் நிகழ்ச்சி அவனுடையது. வெளியில் அவனை எல்லோரும் 'மைக்' என்றுதான் கூப்பிடுவார்கள். கூடைப்பந்து என்றால் உயிர். நாரைகள் என்றால் அதற்கும் மேலே. படங்களைப் பார்த்த நேரத்திலிருந்து புலம்பிக்கொண்டே இருந்தான்.

பெரியவளுக்குப் பயம். விளையாட்டு உடைகள் தைக்கும் நிறுவனத்தில் அவள் டிசைனர். இத்தனை மாதமாக "ஏதோ ஸ்கூல் யூனிஃபார்ம்" என்று வீட்டில் சொல்லிவிட்டு அவள் வரைந்துகொண்டிருந்தது இந்த ஜெர்சிகளைத்தான். யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்பது கிளப்போடு போட்ட ஒப்பந்தம்.

அப்பாவுக்கோ, அந்த ரகசியம் தெரிந்துபோன அவஸ்தை. சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் டூட்டி முடிந்து சீக்கிரம் வந்தவர், சாப்பாட்டு மேஜையில் அவள் விரித்து வைத்திருந்த படங்களைப் பார்த்துவிட்டார். "என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராதும்மா" என்று மகளுக்கு வாக்குக் கொடுத்தார். நகரப் பேருந்து ஓட்டும் மனிதர்; நாளெல்லாம் சாலையில் பொறுமையாக இருக்கத் தெரிந்தவருக்கு ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டு உட்காரத் தெரியவில்லை.

"இத வரைஞ்ச ஆளுக்குக் கண்ணுல ஏதோ கோளாறு" என்றான் சின்னவன்.

ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடித்து வந்திருந்த அம்மா, செருப்பைக் கழற்றியபடியே எட்டிப் பார்த்தாள். "முன்னாடியும் நீலம். இப்பவும் நீலம். இதுல என்ன குடி முழுகிப்போச்சு?"

"அம்மா! நம்மளது மை நீலம். இது சோப்பு நீலம்!"

அப்பாவுக்குப் புரையேறியது.

"நீங்களே சொல்லுங்கப்பா. நான் பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்து மேட்ச் பாக்கறீங்க. இந்த நிறம் பிடிச்சிருக்கா, இல்லையா?"

"எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழுந்தார், பஸ்ஸை ஓட்டப்போகும் மனிதர்.

பெரியவள் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டாள். "நெஞ்சுல இருக்கற நாரைப் படம்?"

"அது ஒத்தக் கால்ல நிக்குது. கிளப் நிர்வாகம் மாதிரியே. யாரு சொன்னாலும் கேக்க மாட்டேன்னு."

அம்மா சிரித்துவிட்டாள். பெரியவளும் சேர்ந்து சிரித்தாள். வேறு என்ன செய்ய?

"பாரு, இத வரைஞ்சது யாருன்னு இன்னிக்கு என் நேயர்களை வெச்சே கண்டுபிடிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான் தம்பி.

*

நிகழ்ச்சி தொடங்கும்போதே எல்லா இணைப்புகளும் நிரம்பிவிட்டன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் அம்மாள் இரண்டு கட்டை விரல்களையும் தூக்கிக் காட்டினாள். இப்படி ஒரு கூட்டம் இறுதி ஆட்டத்துக்குக்கூட வந்ததில்லை.

முதலில் பேசியவர் ஒரு டாக்சிக்காரர். "சார், அப்படியே துணி துவைக்கிற பவுடர் பாக்கெட். ஒரு பக்கெட்டுக்கு எத்தனை ஸ்பூன் போடணும்னு முதுகுல எழுதிட்டா முடிஞ்சுது."

அடுத்து ஒரு பள்ளி ஆசிரியை. "மூணு நிறத்துல விட்டிருக்காங்கல்ல, அதுல வெள்ளை நல்லா இருக்கு. கறுப்பு அதைவிட நல்லா இருக்கு. ஆனா அந்த நீலத்தைப் புதுசா வாங்கிப் போட்டுட்டுப் போனா, எத்தனை வருஷமாப் போடறேன்னு கேப்பாங்க."

மூன்றாவதாக வந்தவரின் குரலில் விளையாட்டே இல்லை. "எங்க கல்யாண போட்டோல நான் அந்த மை நீல ஜெர்சியோட நிக்கறேன் சார். கோட்டு போடச் சொன்னாங்க, மாட்டேன்னுட்டேன். இன்னிவரைக்கும் பொண்டாட்டி திட்டறா. இப்ப அந்த நீலமே இல்லைன்னா, நான் எதுக்கு சார் இவ்வளவு திட்டு வாங்கினேன்?"

சின்னவன் அவருக்கு நன்றி சொல்லி அடுத்த இணைப்பை எடுத்தான்.

இதையெல்லாம் பெரியவள் தன் அலுவலகத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அலமாரி மேல் இருந்த சிறிய ரேடியோவைச் சுற்றி டிசைன் பிரிவே நின்றது. ஜெர்சியை யார் வரைந்தது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். பேசுகிறவன் அவள் தம்பி என்பதும் தெரியும். பவுடர் பாக்கெட்டுக்குச் சிரித்தவர்கள் கல்யாண போட்டோவுக்குச் சிரிக்கவில்லை.

அப்புறம் ஒரு பழக்கடைக்காரர் வந்தார். "நான் எப்பவும் மேல் வரிசைல உக்கார்ற ஆளு. நிறத்தை விடுங்க. நம்பரைப் பாத்தீங்களா? போட்டோவைச் சுவத்துல ஒட்டிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்னு பாத்தேன். மூணு மூணாத் தெரியுது, எட்டு எட்டாத் தெரியுது! இத்தனை நாளா யாரு பந்து போட்டாங்கன்னு பக்கத்துல இருக்கறவனைக் கேட்டுக் கேட்டுத்தான்..."

"சரி சார், நம்பர் தெரியுது, ரொம்ப நன்றி" என்று அவரைச் சட்டென்று அனுப்பி வைத்தான் சின்னவன். அவனுக்கு நிறம்தான் முக்கியம்.

ரேடியோ பக்கத்தில் பெரியவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த மனிதரை இன்னும் கொஞ்சம் பேச விட்டிருக்கலாமே என்றிருந்தது. அதற்குள் தம்பியின் குரல் உயர்ந்தது.

"ஒண்ணு மட்டும் நிச்சயம் நண்பர்களே. இத வரைஞ்ச ஆளு ஒரு நாளாவது நம்மகூட கேலரில உக்காந்திருந்தா இப்படிச் செய்ய மனசு வந்திருக்காது!"

பக்கத்தில் இருந்த தோழி சட்டென்று ரேடியோவின் ஒலியைக் குறைத்தாள். பெரியவள் ரேடியோவையே பார்த்தாள். அப்பா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம், நடுவில் அவள் என்று எத்தனை சனிக்கிழமைகள் அந்தக் கேலரியில் தொண்டை கட்டக் கத்தியிருக்கிறாள்!

விளம்பர இடைவேளை வந்தது. அவள் போன் அதிர்ந்தது. திரையில் தம்பியின் படம். காலையிலிருந்து ஜெர்சியைத் திட்டுவதற்கென்றே அவன் பல முறை கூப்பிட்டிருந்தான். இன்னொரு முறை கேட்க அவளுக்குத் தெம்பு இல்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அது மறுபடி அதிர்ந்தது. அவள் தொடவில்லை.

*

அந்த இடைவேளையில் நடந்தது இதுதான். சின்னவன் எதிரே இருந்த திரையில் ஒரு நேயரின் செய்தி வந்து விழுந்தது. 'ஆளைக் கண்டுபிடிச்சாச்சு' என்று பெயர், வேலை செய்யும் இடம், கூடவே ஒரு புகைப்படம். அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தை எடுத்ததே அவன்தான்.

அவன் போனைக் கையில் எடுத்தான்.

"படி, படி!" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தயாரிப்பாளர் அம்மாள் கையால் சைகை செய்தாள். அவளுக்கு அது வெறும் ஒரு பெயர். அவன் அக்காவைக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். அதற்குள் விளம்பரம் முடிந்து சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது.

"பேரு வந்திருக்கு" என்றான் மைக்கில். "ஆனா, நான் படிக்கப் போறதில்லை."

உடனே ஒரு இளைஞன் இணைப்பில் வந்தான். "என்ன மைக்கண்ணே, வரைஞ்ச ஆளைக் கண்டுபிடிங்கன்னு நிகழ்ச்சி ஆரம்பத்துல நீங்கதானே சவால் விட்டீங்க, இப்ப பதுங்கறீங்க? எங்க குரூப்ல பேரு போட்டோ எல்லாம் சுத்துது. சும்மா படிங்க. ஏன், உங்க சொந்தக்காரங்களா?"

அவன் கிண்டலுக்குத்தான் கேட்டான். வானொலியில் மௌனம் என்பது பெரிய குற்றம். அந்தக் குற்றத்தைச் சின்னவன் கொஞ்ச நேரம் செய்தான்.

"ஆமா" என்றான் பிறகு. "எங்க அக்கா."

தயாரிப்பாளர் அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அவ கேலரில உக்காந்ததே இல்லைன்னு சொன்னேன் பாருங்க, அது தப்பு. எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக் குடுத்ததே அவதான். திட்டணும்னா என்னைத் திட்டுங்க. வாய் என்னோடதுதானே, நல்லா வாங்கிக் கட்டிக்கறேன்."

இணைப்பு விளக்குகள் எல்லாம் ஒன்றாகக் கண் சிமிட்டின. கை போன போக்கில் ஒன்றை அழுத்தினான். பின்னணியில் பேருந்துகள் உறுமும் சத்தம்.

"வணக்கம். நான் ஒரு ரசிகன். பேரு வேண்டாம்" என்றது குரல்.

அந்தக் குரலை அவன் எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவான். "அப்..." என்று தொடங்கி விழுங்கிக்கொண்டான். "சொல்லுங்க சார்."

"அந்தப் பொண்ணைப் போட்டு ஆளாளுக்குக் காய்ச்சறாங்க, கேட்டுக்கிட்டே இருக்கேன். அந்த நீலம் அவ போட்டது இல்லை. நான் என் கண்ணால பாத்தேன். எங்க சாப்பாட்டு மேஜைலதான் இருந்துது. நல்ல மை நீலம். மாத்தினது மேல இருக்கறவங்க. கேக்கணும்னா அவங்களைக் கேளுங்க, எம் பொண்ணைப் போயி..."

சின்னவன் இணைப்பைத் துண்டித்தான். அப்பா பேச்சை அவன் பாதியில் நிறுத்தியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதுவும் ஊரே கேட்க. ஆனாலும் சொல்ல வேண்டியதையெல்லாம் அவர் சொல்லி முடித்திருந்தார்.

*

"உங்க வீட்டுல எல்லாரும் ரொம்பப் பாசக்காரங்க போல" என்றாள் மேலாளர்.

பெரியவள் அவள் எதிரே நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. கண்ணாடிச் சுவருக்குக் கீழே தையல் கூடம் தெரிந்தது. வரிசை வரிசையாக மெஷின்கள். அந்தச் சோப்பு நீலத் துணி ஒவ்வொரு கையிலும் வழுக்கிக்கொண்டு போனது.

மேலாளர் கெட்டவள் இல்லை. அதனால்தான் பேசுவதற்கு அவளுக்கும் கஷ்டமாக இருந்தது.

"கிளப்லேர்ந்து கூப்பிட்டாங்க. பேரு வெளிய வந்ததுகூடப் பரவாயில்லையாம். நிறத்தை அவங்க மாத்தினாங்கன்னு உங்கப்பா சொன்னாரு இல்லையா, அதுதான் அவங்களுக்குச் சுட்டுடுச்சு. நாளைக்கு உன் தம்பி நிகழ்ச்சிக்கே நீ போகணுமாம். நிறம் முழுக்க உன் விருப்பம்னு சொல்லணுமாம்."

"சொல்லலைன்னா?"

"அடுத்த சீசனுக்கு வேற இடம் பாத்துக்கறோம்ங்கறாங்க." மேலாளர் கீழே பார்த்தாள். "இவ்வளவு பேரும் அந்த ஆர்டரை நம்பித்தான் இருக்காங்க. நான் உன்னைக் கட்டாயப்படுத்தலை. ஆனா இதைச் சொல்லாம மறைச்சா அதுவும் சரியில்லை. ராத்திரிக்குள்ள யோசிச்சுச் சொல்லு."

பெரியவள் படியிறங்கி வரும்போது தையல் கூடத்தில் இரண்டு மூன்று பேர் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். இன்னும் விஷயம் அவர்களுக்கு எட்டவில்லை. அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை.

*

அவள் வீட்டுக்கு வந்தபோது வாசல் விளக்கை யாரும் போட்டிருக்கவில்லை. அப்பா சீருடையைக்கூட மாற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சின்னவன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். மாட்டிக்கொண்ட இரண்டு பள்ளிப் பிள்ளைகள்போல இருந்தார்கள்.

அம்மா டீ டம்ளரை மகள் கையில் திணித்தாள். "முதல்ல குடி. அப்புறம் இவங்களைக் கொல்லு."

"அக்கா, நான் சும்மா இருந்திருக்கணும்" என்றான் சின்னவன், திரும்பாமலே.

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்லடா?"

"பண்ணினேனே. ரெண்டு தடவை."

அவள் டீயை ஒரு வாய் குடித்தாள். "மறுபடி திட்டத்தான் கூப்பிடறேன்னு நினைச்சேன்" என்றாள் கடைசியில். அவன் முகத்தைக் கையால் தேய்த்துக்கொண்டான்.

அப்பா நிமிர்ந்தார். "நான் உண்மையைத்தானேம்மா சொன்னேன். நீ போட்டது மை நீலம். மாத்தினது அவங்க."

"மாத்தச் சொன்னது அவங்க. மாத்தினது நான்தான்ப்பா."

அவள் டம்ளரை மேஜையில் வைத்தாள்.

"டிவில அந்த மை நீலம் கறுப்பாத் தெரியுது, வெளிறின நீலம் வேணும்னாங்க. நம்பரும் சன்னமா, ஸ்டைலா வேணும்னாங்க. ரெண்டுக்கும் சண்டை போட்டா ரெண்டுமே போயிடும்னு தோணுச்சு. நம்பருக்காக மட்டும் மல்லுக்கு நின்னேன். பட்டையா, இடைவெளி விட்டு, எங்கேருந்து பாத்தாலும் தெரியற மாதிரி. அதுக்கு ஒத்துக்கிட்டாங்க. நீலத்துக்கு நான் வாயே திறக்கலை."

"நம்பர்ல என்ன இருக்கு?" என்றான் தம்பி.

அவள் அப்பாவைப் பார்த்தாள். "மேல் வரிசைல உக்காந்துக்கிட்டு, 'யாரும்மா போட்டது, முப்பத்திமூணா எண்பத்தெட்டா'ன்னு ஒவ்வொரு மேட்ச்லயும் என்னைக் கேப்பாரு. நான் சொல்றதுக்குள்ள அடுத்த பந்து விழுந்துடும். ஜனங்க கைதட்டி முடிச்சப்புறம் தனியாக் கைதட்டுவாரு."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து முடிக்கவே இல்லை.

பழக்கடைக்காரரைப் பாதியில் அனுப்பியது சின்னவனுக்கு இப்போது உறைத்தது.

பெரியவள் மேலாளர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். கிளப் கேட்பது, ஆர்டர், தையல் கூடம், எல்லாம்.

"நிறம் முழுக்க உன் விருப்பம்னு சொன்னா, அது பொய்யா?" என்று கேட்டாள் அம்மா. இத்தனை வருடத்தில் கூடைப்பந்தைப் பற்றி அவள் அக்கறையாகக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"பாதிப் பொய்."

"அப்ப உன் பாதியை நீ போய்ச் சொல்லு. அவங்க பாதியை அவங்க வந்து சொல்லட்டும். இதுல என்ன இவ்வளவு யோசனை?"

"ஆர்டர் போயிடுச்சுன்னா, அந்தக் கூடத்துல இருக்கறவங்க?"

"பொய் சொல்லி மாட்டிக்கிட்டா மட்டும் அது நிக்குமா? உங்கப்பா இதே வாயால ஊருக்கே சொல்லிட்டாரு. நாளைக்கு நீ வேற சொன்னா, ரெண்டு பேருல யாரு பொய்னு அத்தனை பேரும் கேப்பாங்க. அவரைப் பொய்யராக்கறியா?"

அப்பா தலை குனிந்தார். "என்னை ஆக்கினாலும் பரவாயில்லைம்மா. உன் வேலைதான் முக்கியம்."

பெரியவள் சட்டென்று போனை எடுத்து மேலாளரைக் கூப்பிட்டாள்.

"மேடம், நாளைக்கு நான் போறேன். ஆனா அவங்க சொல்லச் சொன்னதைச் சொல்ல மாட்டேன். டிவிக்காக அவங்க கேட்டாங்க, நான் சம்மதிச்சு மாத்தினேன். நடந்தது அவ்வளவுதான். அவங்களையும் குறை சொல்ல மாட்டேன், என்னையும் மறைக்க மாட்டேன்."

மேலாளர், "நான் கிளப்ல சொல்லிப் பாக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். கோபமா, நிம்மதியா, குரலை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் சின்னவன் போன் அடித்தது. தயாரிப்பாளர் அம்மாள். அவன் கேட்டுக்கொண்டே முகம் மாறினான்.

"அக்கா, நாளைக்கு நீ மட்டும் இல்லையாம். கிளப் தலைவரே வர்றாராம். உன் பக்கத்து நாற்காலில."

"வரட்டும்" என்றாள்.

"நானும் டிப்போவுல லீவு சொல்லிட்டு..." என்று அப்பா தொடங்கினார். அம்மா பேசாமல் போய் அவர் சட்டைப் பையிலிருந்த போனை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அந்த வீட்டில் அன்றைக்கு முதன்முறையாக நாலு பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் பெரியவள் தம்பிக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ரசிகர்கள் எழுதினதெல்லாம் உன் போன்ல இருக்குல்ல? படி."

"எதுக்குக்கா? வேண்டாம். சிலது ரொம்ப மோசமா இருக்கு."

"நாளைக்கு முதல் தடவையாக் கேட்டா அங்கேயே அழுதுடுவேன். இன்னிக்கே அழுது முடிச்சுடறேன். படிடா."

அவன் படித்தான். வழக்கமான வானொலிக் குரலில்தான் ஆரம்பித்தான். நாலைந்து கருத்துகளுக்குள் அந்தக் குரல் காணாமல் போய், வீட்டில் பேசும் குரல் வந்துவிட்டது. குளியலறை டைல்ஸ் என்று ஒருவர் எழுதியிருந்தார். அவள் சிரித்தாள். என் மகளுக்கு இந்த நாரை பிடித்திருக்கிறது, சுவரெல்லாம் வரைந்து வைத்திருக்கிறாள் என்று ஒருவர். அவள் கண் கலங்கியது. வரைந்தவள் இந்த வேலைக்கே லாயக்கில்லை என்று ஒருவர். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அப்பா கதவுப் பக்கம் எழுந்து போய் நின்றுகொண்டார்.

திடீரென்று சின்னவன் நிறுத்திவிட்டான்.

"ஏன் நிறுத்தினே?"

"இது கருத்து இல்லைக்கா."

"என்னவா இருந்தாலும் படி."

அவன் அம்மாவை ஒரு முறை பார்த்தான். பிறகு மெதுவாகப் படித்தான். "'நாளைக்கு மதியம் புது ஜெர்சியைக் கொளுத்தப் போறோம். வாங்கினவங்க எடுத்துட்டு வாங்க. வாங்காதவங்க சும்மாவாவது வாங்க.'"

"எங்கயாம்?"

"எங்க ஸ்டுடியோ வாசல்ல."

அம்மா கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அப்பா கதவுப் பக்கத்திலிருந்து இரண்டடி முன்னால் வந்தார். எல்லோரும் பெரியவளையே பார்த்தார்கள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. ஆனால் நாற்காலியை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை.

"சரி" என்றாள். "அடுத்ததைப் படி."